இரண்டாவது ஒலித்தடம்

எலாடியோ வேலை முடிந்து வந்தபோது தபால் பெட்டியில் அந்த உறை குறுக்காகச் செருகிக் கிடந்தது. முந்தின நாள் பகலிலேயே வந்திருக்கும். அவன் தூங்கிக்கொண்டிருந்திருப்பான். படியேறிக்கொண்டே பல்லால் கிழித்தான். மூன்றாவது மாடிக்கு வந்து சேருவதற்குள் உறை கிழிந்து டிஸ்க் பெட்டி கையில் இருந்தது. அட்டைப் படத்தில் நான்கு பையன்கள் ஒரு திருட்டுக் காரின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். இடது ஓரத்தில் சட்டைப் பொத்தான் போடாமல் சிரிப்பவன் நான்டோ. எலாடியோவின் அண்ணன்.

‘எட்டாம் பிளாக் பையன்கள்’. 1981 கோடையில் மாட்ரிடின் இதே சான் பிளாஸ் பேட்டையில் எடுத்த படம். அந்த வருடங்களில் சினிமாக்காரர்கள் ஒரு கேமராவையும் ஒரு வேனையும் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிடுவார்கள். கார் திருடன் வேஷத்துக்குக் கார் திருடனையே பிடிப்பார்கள். சாண்ட்விச்சும் சிகரெட்டும் கொடுத்து, நீ தினமும் செய்கிறதைச் செய் என்பார்கள். நான்டோவுக்கு அப்போது பதினேழு வயது. பயிற்சியே தேவைப்படவில்லை. அவனுடைய இருபத்திரண்டாவது வயதில் ஒரு பாரின் கழிவறையில் ஊசியோடு உட்கார்ந்தபடி செத்துக் கிடந்தான். படத்தில் நடித்த மற்ற மூன்று பேரும் ஏறக்குறைய அப்படித்தான் போனார்கள்.

எலாடியோ பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டான். இப்போது ஐம்பத்து மூன்று. நிலத்தடி கார் நிறுத்துமிடம் ஒன்றில் இரவுக் காவல். அண்ணன் திருடினான், தம்பி காக்கிறான் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான், வேறென்ன செய்ய.

அலமாரியில் இந்த மாதிரிப் படங்கள் நாற்பத்தொன்று இருந்தன. எல்லாம் பழைய நெகட்டிவைத் தேடிப் பிடித்து, கீறல் துடைத்து, சட்டகம் சட்டகமாகச் சரிசெய்து வந்தவை. மற்றவர்கள் கால்பந்து பார்ப்பதுபோல அவன் இவற்றைப் பார்ப்பான். கண்ணாடி உடைகிற சத்தம், செம்மண் மேட்டில் சறுக்கித் திரும்புகிற கார், அகலக் கால்சட்டைகள், போலீஸ்காரனின் ஒட்டு மீசை விளிம்பில் பசை பளபளப்பது. கதை அனேகமாக ஒன்றுதான். திருடுவார்கள், ஓடுவார்கள், கடைசியில் சுடப்படுவார்கள். அவனுக்கு அலுத்ததில்லை. தன் சிறு வயதில் வானம் இவ்வளவு நீலமாக இருந்தது என்பதே இந்த டிஸ்குகள் வந்த பிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது.

ஆனால் இது வெறும் நாற்பத்திரண்டாவது டிஸ்க் அல்ல. இதற்காகத்தான் மற்ற நாற்பத்தொன்றும் என்றுகூடச் சொல்லலாம்.

அந்தப் படங்களில் பையன்கள் பேசுவது அவர்கள் குரல் அல்ல. தெருவில் ஒலி சரியாகக் கிடைக்காது, பையன்களுக்கு வசனமும் மனதில் நிற்காது. அதனால் பிறகு ஸ்டுடியோவில் வானொலி நடிகர்களை வைத்துக் குரல் கொடுத்துவிடுவார்கள். நான்டோவின் முகத்துக்குப் பேசியவன் யாரோ நாற்பது வயது ஆள். கரகரத்த, கனமான, புகை ஏறிய குரல். தொலைக்காட்சியில் ஒருமுறை ஒளிபரப்பானபோது எலாடியோ வீடியோ கேசட்டில் பதிந்து வைத்தான். முப்பத்தைந்து வருடமாக அண்ணன் அந்தக் குரலில்தான் பேசினான். வீட்டில் நான்டோவின் புகைப்படம் ஆறு உண்டு. குரல் எங்கேயும் இல்லை.

இப்போது டிஸ்கின் பின்னட்டையில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது: இரண்டாவது ஒலித்தடம், படப்பிடிப்பில் பிடித்த நேரடி ஒலி, முதன்முறையாக. இயக்குநரின் மனைவி வீட்டுச் சாமான் அறையில், தக்காளி டின்களுக்குப் பின்னால் ஒலிநாடாக்கள் கிடைத்தனவாம். அதற்காகத்தான் எலாடியோ பத்தொன்பது நாளாகக் காத்திருந்தான். அண்ணனின் சொந்தக் குரலை ஒருமுறை கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

ஜன்னல் மறைப்பை இறக்கினான். வெயில் கோடுகள் தரையில் விழுந்தன. இன்னும் இறக்கினான். காபி போட்டான், குடிக்கவில்லை. டிஸ்கைப் போட்டுவிட்டு எழுந்து கதவுப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தான். ஒலி என்ற இடத்தில் இரண்டாவதைத் தேர்ந்து, வலது பெருவிரலால் அழுத்தினான். அந்த விரலின் நகம் நடுவில் பிளந்து வளர்ந்தது. ஒன்பது வயதில், நான்டோ எங்கிருந்தோ ஓட்டிவந்த காரின் கதவில் நசுங்கியது. நான்டோதான் சாத்தினான். நான்டோதான் முதுகில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

படம் அருமையாக இருந்தது. எட்டாம் பிளாக்கின் சுவரில் கரித்துண்டால் எழுதியிருந்த கெட்ட வார்த்தையைக்கூடப் படிக்க முடிந்தது. ஒலி மோசம். காற்று இரைந்தது. எங்கோ ஒரு நாய். யாரோ “போ, போ, போ” என்று கத்துகிறார்கள், அது இயக்குநராக இருக்கும். எட்டாவது நிமிடத்தில் நான்டோ பார் வாசலில் வந்து நின்று வாயைத் திறந்தான்.

கீச்சென்று ஒரு குரல் வந்தது. மூக்கால் பேசுகிற, அவசரமான, வார்த்தைக் கடைசிகளை விழுங்குகிற ஒரு தெற்கத்திக் குரல்.

எலாடியோ நிறுத்தினான். பின்னால் ஓட்டினான். மறுபடி போட்டான். அதே கீச்சு. எழுந்து தொலைக்காட்சிக்குப் பின்னால் வயரை அசைத்தான். உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான். நான்டோவின் முகத்துக்குள் யாரோ நுழைந்துகொண்டு பேசுகிற மாதிரி இருந்தது.

ஒன்பதரைக்கு டிஸ்க் கம்பெனிக்குப் போன் செய்தான். வலென்சியாவில் ஒரு ஃப்ளாட்டில் நடக்கிற சின்னக் கம்பெனி. சிமோ என்ற ஆள் எடுத்தான்.

“நீங்க போட்டிருக்கறது என் அண்ணன் குரல் இல்ல.”

“காலை வணக்கம். யார் பேசறீங்க?”

“எட்டாம் பிளாக். இடது ஓரத்துல இருக்கறவன் என் அண்ணன். யார் குரலையோ எடுத்து ஒட்டியிருக்கீங்க.”

“சார், நாங்க மூணு பேருதான் மொத்தக் கம்பெனியே. அதுல ஒருத்தர் எங்கம்மா, அவங்க உறை ஒட்டறாங்க. குரல் ஒட்டறதுக்கெல்லாம் எங்ககிட்ட ஆள் ஏது?”

“கிண்டலா?”

“சத்தியமா இல்ல. டேப்ல இருந்தது, நடுவுல கத்தறது சிரிக்கறது எல்லாம், வெட்டாம அப்படியே இருக்கு. டப்பிங் பேசறவருக்கு ஒரு வழிகாட்டியா இருக்கட்டும்னு சவுண்ட்காரர் ஓரமா நின்னு பிடிச்சது. பசங்க வாய் அசைஞ்சாப் போதும்னுதான் எடுத்தாங்க. வசனம் மறந்தா ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணச் சொல்வாங்க. உங்கண்ணன் ஒரு இடத்துல பதினாலு வரைக்கும் எண்ணறாரு.”

“அவன் குரல் கனமா இருக்கும்.”

“யாரோட குரல் சார் கனமா இருக்கும்?” என்றான் சிமோ. அதில் கிண்டல் இல்லை. எலாடியோ போனை வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு அவனால் உட்கார முடியவில்லை. படம் ஓடியது. அவன் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தான். முதல் ஒலித்தடத்துக்கு மாற்றினான். கரகரத்த குரல் வந்ததும் உடம்பு தானாகத் தளர்ந்தது. இதோ அண்ணன். உடனே எரிச்சல் வந்தது. இது அண்ணன் இல்லை என்று தெரியாதவனா அவன்? இரண்டாவதுக்கு மாற்றினான். கீச்சு. மறுபடி முதலாவது. ஏதாவது ஒரு நாள், ஏதாவது ஒரு வார்த்தையை நான்டோ நிஜமாகச் சொன்ன மாதிரி நினைவில் கொண்டுவரப் பார்த்தான். பசிக்கிறது, கதவைத் திற, அம்மாகிட்டே சொல்லாதே. எல்லாவற்றையும் அந்த வானொலிக்காரனே சொன்னான்.

பதினொன்றரைக்கு அக்கா விசி தன் சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு வந்தாள். வியாழக்கிழமைகளில் சோரிசோ தொத்திறைச்சி போட்ட பருப்பு கொண்டுவருவாள். அறுபத்திரண்டு வயது, முழங்கால் வலி, எதிர் பிளாக். இந்தப் படத்தை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. அம்மாவின் கம்மலை விற்றவனைத் திரையில் வேறு பார்க்க வேண்டுமா என்பாள்.

அப்போது இரண்டாவது தடம் ஓடிக்கொண்டிருந்தது. விசி நடைவழியில், கோட்டு மாட்டுகிற ஆணிகளுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். அங்கிருந்து திரை தெரியாது.

“எலாடியோ,” என்றாள். “உள்ள யாரு?”

“யாருமில்ல.”

“பொய் சொல்லாதடா. நான்டோ பேசறான்.”

எலாடியோ தொலைக்காட்சியை நிறுத்தினான். விசி டப்பாவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். கறுத்த திரையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

“எப்படித் தெரியும்?” என்றான்.

“எப்படித் தெரியும்னா? தெரியும். வாத்து மாதிரி பேசுவான். அம்மா அவன வாத்துன்னுதான கூப்பிடும்.”

“எனக்கு ஞாபகமில்ல.”

“என்னடா ஞாபகமில்ல? அந்தக் கீச்சுக் குரலுக்காகவே தெருவுல அடி வாங்குவான். அதுக்காகவே ரெண்டு அடி சேத்துத் திருப்பிக் குடுப்பான்.”

“எனக்கு அவன் குரல் தெரியல விசி. வேற ஆளு மாதிரி இருக்கு.” சொன்ன பிறகு அவனுக்கே அது அசிங்கமாகக் கேட்டது.

விசி டப்பாவை மேஜையில் வைத்தாள். அலமாரியை, வரிசையாக நின்ற டிஸ்குகளை, அடித்தட்டில் இருந்த அந்தப் பழைய கேசட்டைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம்தான் வந்தது.

“நாப்பது வருஷமா அந்த டப்பிங்காரன வீட்டுல உக்கார வெச்சு சோறு போட்டிருக்க. அவன் எப்படி எந்திரிச்சுப் போவான்? மூஞ்சியப் பாக்கறப்பல்லாம் அவன் குரல்தான் வரும். மூஞ்சியப் பாக்காத.”

“அப்புறம்?”

“எந்திரி. நான் நின்ன எடத்துல போய் நில்லு. செவுத்தப் பாத்துட்டு நில்லு.”

“பைத்தியமா உனக்கு?”

“ஆமா. போ. எந்தப் பட்டன்?”

“முக்கோணம். ரெண்டு முக்கோணம் இருக்கறது வேண்டாம், அது வேகமா ஓடும்.”

அவன் நடைவழிக்குப் போனான். ஆணியில் அவனுடைய காவலாளிக் கோட்டு தொங்கியது. சுவரில் ஈரம் படர்ந்து பழுப்பேறியிருந்தது. பின்னால் விசி முணுமுணுத்தாள். இரண்டு முக்கோணத்தைத்தான் அழுத்தினாள் போலிருக்கிறது, படம் சரசரவென்று ஓடியது. ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். பிறகு நின்றது. காற்று இரைந்தது. ஒரு கார் இன்ஜின் உறுமிக்கொண்டு நின்றது.

எந்தக் காட்சி என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. நான்டோ ஓட்டுநர் இருக்கையில். படத்தில் வருகிற சின்னப் பயல், சிஸ்பா என்று பெயர், தன்னையும் கூட்டிப்போகச் சொல்லிக் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பான். டப்பிங்கில் அந்த இடம் அவனுக்கு மனப்பாடம். ‘சிஸ்பா, வீட்டுக்குப் போ. இந்த ராத்திரி உனக்கானது இல்லை.’ எத்தனையோ இரவுகள் அந்த நிலத்தடியில், மூடிய கதவுகளுக்கு நடுவே, எலாடியோ அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுண்டு. வானொலிக்காரன் அதை அழகாகச் சொல்வான்.

கேசட்டில் அந்த இடத்தில் நான்டோவின் வாய் ஒரு கறுப்புத் தீற்றல். என்ன சொல்கிறான் என்று யாரும் பார்த்திருக்க முடியாது.

எலாடியோ ஒரு கையால் நடைவழிக் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நெற்றியைக் கோட்டில் சாய்த்துக் காத்திருந்தான். இன்ஜின் ஓடியது. சின்னப் பயல் ஏதோ கெஞ்சினான்.

“எலாடியோ! கதவ விடுறா, கை நசுங்கும்!”

“ஆங்,” என்றான் எலாடியோ. கையை எடுத்துவிட்டான்.

உள்ளே யாரோ “கட்!” என்று கத்தினார்கள். “சிஸ்பா, சிஸ்பான்னு சொல்லுடா, எலாடியோ யாரு?” என்று ஒரு சலிப்புக் குரல். சிரிப்புகள். “மன்னிச்சுக்கங்க, தம்பி பேரு வந்துருச்சு,” என்றது அந்தக் கீச்சுக் குரல். “பரவால்ல, டப்பிங்ல பாத்துக்கலாம்,” என்றார் வேறு யாரோ.

“விசி, நீ கூப்பிட்டியா?” என்று கேட்டான் எலாடியோ, சுவரைப் பார்த்தபடியே.

“நான் வாயே தெறக்கல.”

அவன் தன் கையைப் பார்த்தான். பெருவிரல் மற்ற நான்கு விரலுக்குள்ளே மடிந்து, இறுக்கமாக ஒளிந்திருந்தது. அவன் மடக்கவில்லை. எப்போது மடங்கியது என்றும் தெரியவில்லை. விரிக்கப் பார்த்தான். உடனே வரவில்லை.

“பருப்பு ஆறுது,” என்றாள் விசி. “சாப்பிட்டுத் தூங்கு. ராத்திரி வேலைக்குப் போகணும்ல.”

“மறுபடி போடு.”

“உள்ள வந்து பாக்கறியா?”

“வேண்டாம்,” என்றான். நெற்றியை மறுபடி கோட்டில் சாய்த்துக்கொண்டு கதவின் விளிம்பைப் பிடித்தான். “ஒரு முக்கோணம், விசி. ரெண்டு இல்ல.”