றெக்சன் எப்படிச் சிரிப்பான்

1

இந்தக் கதையை நானாக நினைத்து எழுதவில்லை. கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன். பள்ளிமுனையில் என் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி இருக்கும் மதலேனாக்காதான் கேட்டார். காணாமல்போன தன் மகன் றெக்சன் எப்படிச் சிரிப்பான் என்பது தனக்கு மறந்துவிட்டது என்றும், ரீச்சர் கதை எழுதுகிற ஆள்தானே, அந்தச் சிரிப்பை மட்டும் எழுதித் தந்தால் போதும் என்றும் சொன்னார். தைக்கத் துணி கொடுப்பவர் போல, அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார். நானும் ஓம் என்றேன். யோசிக்காமல் ஓம் சொல்வது எங்கள் குடும்ப வியாதி.

றெக்சனை நான் கண்டதே இல்லை. அவன் போய்ப் பல வருடங்களுக்குப் பிறகுதான் மன்னார்ப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மாற்றலாகி வந்தேன். அவர் வீட்டுச் சுவரில் அவனுடைய படம் ஒன்று இருக்கிறது. அடையாள அட்டைக்கு எடுத்த படம். அதில் யார்தான் சிரிப்பார்கள்?

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

“அன்று மாலை கடல் ஏனோ அமைதியாக…”

வேண்டாம். மன்னார் என்று எழுதியதும் கூப்பிடாமலே கடல் வந்து முதல் வரியில் குந்திவிடுகிறது. இந்தக் கதையில் அதற்கு வேலை இல்லை.

பிறகு இப்படி:

“ஒரு தாயின் கண்ணீருக்கு…”

இதை எழுதிய கையை என்ன செய்யலாம்? மதலேனாக்கா கண்ணீர் விடுகிற ஆளே இல்லை. காலையில் கரைக்கு வரும் வலைகளிலிருந்து நண்டு கழற்றுகிறவர். கால் முறிந்த நண்டைக் கம்பெனிக்காரன் எடுக்க மாட்டான். அவரோ வலையைப் பார்க்காமலே, ஊர் மருமகள்மார் எல்லோரையும் பகிடி பண்ணிக்கொண்டே, ஒரு காலும் முறியாமல் கழற்றுவார். ஊரில் எனக்குச் சிரிப்புக் காட்டுகிற ஒரே மனிதர் அவர்தான். அதனால்தான் ஊருக்கு வந்த ஒரு பகிடி நிகழ்ச்சிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

சரி. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

3

கடந்த வருடம், நகர மண்டபத்தில், ஒரு சனிக்கிழமை மாலை. ஒருவர் தனியாக மேடையில் நின்று பேசிச் சிரிக்க வைப்பாராம். நாடகம் இல்லை, பாட்டும் இல்லை. ஆசிரியர்களுக்கு இலவசமாக இரண்டு ரிக்கற் கிடைத்தது. மதலேனாக்கா கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். பட்டிமன்றம் போல இருக்குமோ என்று கேட்டார். எனக்கும் தெரியாது என்றேன். முன்வரிசை பிளாஸ்ரிக் கதிரைகளில் இருவரும் இருந்தோம்.

வந்தவர் பெயர் பக்கீர். இதே மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டிக் குடும்பம். 1990இல் புலிகள் முஸ்லிம்களை வடக்கைவிட்டுப் போகச் சொன்னபோது கைக்குழந்தையாகப் புத்தளம் போய், அங்கேயே வளர்ந்தவர். [இந்தப் பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு. நான் கற்பனை பண்ணியிருந்தால் இவ்வளவு பொருத்தமான ஆளைப் போட்டிருக்க மாட்டேன். வாசகர் நம்ப மாட்டார். ஆனால் வந்தது அவர்தான்.]

“புத்தளத்தில நான் மன்னாரான். மன்னாருக்கு வந்தா நான் புத்தளத்தான். நடுவில வில்பத்துக் காட்டுக்குள்ள மட்டும்தான் நான் உள்ளூர். அங்க யானையள் ஒண்டும் கேக்கிறல்ல.”

சனம் சிரித்தது. இந்தத் தீவில் ஒருக்காலும் இடம்பெயராத ஒரே குடும்பம் றோட்டெல்லாம் திரியும் கழுதைக் குடும்பம்தான் என்றார். இன்னும் பெரிதாகச் சிரித்தது. மதலேனாக்கா என் தொடையில் அடித்து அடித்துச் சிரித்தார். அவ்வளவு சந்தோசமாக அவரை நான் பார்த்ததில்லை. இந்தக் கதையை இந்தப் பந்தியோடு முடிக்க எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா?

4

அப்படிப்பட்ட நிகழ்ச்சிகளில் ஒரு வழக்கம் இருக்கிறதாம். மேடையை விட்டு இறங்கி, சனத்தில் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்து, அவர் சொல்வதை வைத்தே பகிடி பண்ணுவது. எங்களுக்கு அது தெரியாது. பக்கீர் இறங்கி நேரே எங்கள் வரிசைக்கு வந்தார்.

“அம்மா நல்லாச் சிரிக்கிறீங்க. பேரென்ன? எங்கயிருந்து வாறீங்க? புள்ளையள் வரல்லையா?”

மைக்கை அவர் கையில் கொடுத்தார்.

மதலேனாக்கா எழுந்து நின்றார். சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தார். மைக்கை இரண்டு கையாலும் பிடித்தார்.

“வணக்கம் ஐயா. என்ர பேர் மதலேனா. பள்ளிமுனையில இருந்து வாறன்.”

நிறுத்தினார். சனம் சிரித்தது.

“என்ர மகன் றெக்சன். வலை எடுக்கப் போகேக்க றோட்டில மறிச்சு வாகனத்தில ஏத்தினவை.”

நிறுத்தினார். பின்வரிசையில் மட்டும் யாரோ சிரித்தார்கள்.

(ஏன் நிறுத்தினார் என்றால், கொழும்பிலிருந்து விசாரணைக்கு வந்த ஒவ்வொரு குழுவின் முன்னாலும் அவர் போய் நின்றிருக்கிறார். ஒரு வசனம் சொன்னால், மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொல்லி முடிக்கும்வரை பொறுக்க வேண்டும். பிறகு அடுத்த வசனம். அவருடைய வாழ்க்கையில் மைக் கைக்கு வந்தது அதற்கு மட்டும்தான். பேர், ஊர், பிள்ளை என்று கேட்டதும் அதற்குத்தான். பக்கீர் மூன்றையும் அதே ஒழுங்கில் கேட்டுவிட்டார்.)

“நீலச் சேட்டு போட்டிருந்தவன். வலப்பக்கப் புருவத்தில தழும்பு இருக்கு. கண்டா எனக்குத் தெரியும்.”

நிறுத்தினார். இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த இடைவெளிகளை நிரப்ப இங்கே மொழிபெயர்ப்பாளர் இல்லை. அவருடைய சேலையைப் பிடித்து இருத்த என் கை போனது. ஆனால் பிடிக்கவில்லை. வேறு எந்தச் சபையிலும் இடையில் யாராவது “சுருக்கமாச் சொல்லுங்கோ அம்மா” என்பார்கள். இங்கே ஒருவரும் சொல்லவில்லை. முதல்முறையாகக் கடைசிவரை சொன்னார்.

“அவ்வளவுதான் ஐயா. கேள்வியிருந்தாக் கேளுங்கோ.”

பக்கீர் அவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பகிடிக்காரருக்கு எங்கே பேசாமல் இருக்க வேண்டும் என்று தெரியும் போல. கேள்வி கேட்காவிட்டால் அந்த மனுசி கதிரையில் இருக்கப் போவதில்லை என்பதும் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். அதனால் தனக்குத் தெரிந்த தொழிலிலிருந்து ஒரு கேள்வி கேட்டார்.

“மகன் எப்பிடிம்மா சிரிப்பாரு?”

மதலேனாக்கா வாயைத் திறந்தார். திறந்தபடியே நின்றார். நான் பக்கத்தில் இருந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டில் சாவி தேடுகிறவர் போல அவர் கண்கள் அங்கும் இங்கும் போயின.

“அதை ஒருத்தரும் கேக்கேல்லையே, தம்பி.”

மைக்கைத் தாழ்த்தினார்.

“எனக்கு வருகுதில்லை.”

5

இந்த இடத்தில் நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

பக்கீர் அவரை உற்றுப் பார்க்கிறார். பக்கீரின் வலப்பக்கப் புருவத்தில்… [சினிமா. எனக்கே வெட்கமாக இருக்கிறது.]

மதலேனாக்காவுக்குத் திடீரென்று ஞாபகம் வருகிறது. மகனைப் போலவே சிரித்துக் காட்டுகிறார். மண்டபம் முழுவதும் சேர்ந்து… [இதை எழுதும்போது அழுதேன். பிறகு கிழித்தேன். பொய்.]

மின்சாரம் போய்விடுகிறது. [மின்சாரம் இப்படி ஒத்தாசைக்குப் போவது கதைகளில் மட்டும்தான்.]

உண்மையில் நடந்தது இதுதான். பக்கீர் “பரவால்லம்மா” என்று சொல்லி, அவர் கையைப் பிடித்து இருத்தினார். மைக்கைத் திருப்பிக் கேட்கவில்லை. அது அவர் மடியிலேயே கிடந்தது. பக்கீர் மேடைக்கு ஏறி, வெறும் குரலில், மன்னிச்சுக்கொள்ளுங்கள், இண்டைக்கு இவ்வளவுதான் என்றார்.

சனம் எழுந்தது. எங்களைத் தெரிந்தவர்கள் பலர் அங்கே இருந்தார்கள். ஒருவரும் போயிட்டு வாறம் என்று சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, எங்களைத் தாண்டி, பேசாமல் வெளியேறினார்கள். எங்கள் ஊரில் அப்படிச் சொல்லாமல் போவது ஒரு வீட்டிலிருந்து மட்டும்தான். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. கால்கள் பழக்கத்தில் அப்படிப் போய்விட்டன.

மதலேனாக்காவுக்கு அது விளங்கிவிட்டது. எழுந்து வேகமாக வாசலுக்குப் போனார். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அமிர்தநாயகம் அண்ணரின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“சொல்லிப்போட்டுப் போங்கோ அண்ணை. இது செத்தவீடில்லை.”

அவர் திரும்பி நின்று, “போயிட்டு வாறன், பிள்ளை” என்றார். பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். மதலேனாக்கா வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் “ஓம், வாங்கோ” என்று பதில் சொன்னார். றெக்சனுக்கு இன்றுவரை ஒரு பூசையும் கொடுக்காதவர் அவர். ஆத்துமாக்கள் திருநாளில் இறந்தவர்களுக்கு மெழுகுதிரி கொளுத்த ஊரே சேமக்காலைக்குப் போகும்போது கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருப்பவர்.

வீட்டுக்கு வரும் வழியில், ஓட்டோவுக்குள் வைத்துத்தான் அந்தச் சிரிப்பை எழுதித் தரச் சொல்லி என்னிடம் கேட்டார். மகனைத் தேடித் தேடிச் சொன்னதில் அவனுடைய சேட்டும் தழும்பும் மட்டும் மிஞ்சிவிட்டன என்று தன் பாசையில் சொன்னார். மற்றதெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லையாம்.

6

ஒரு கிழமை யோசித்து ஒன்று எழுதினேன். றெக்சன் சிரிக்கத் தொடங்கினால் மூக்கால் ஒரு சத்தம் விடுவான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்திலேயே இருந்துவிடுவான். அவர் வீட்டுக்குப் போய் வாசித்துக் காட்டினேன். நண்டு நாறும் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். முகம் அப்படியே மலர்ந்தது.

“ஓம் ரீச்சர். இப்பிடித்தான்.”

அது பிரான்சில் இருக்கும் என் தம்பியின் சிரிப்பு.

எனக்கு ஒரு பயம் வந்தது. அடுத்த கிழமை நேர்மாறாக ஒன்று எழுதிக்கொண்டு போனேன். முதல் எழுதியது சரியில்லை என்று சொன்னேன். றெக்சன் சத்தமே போட மாட்டான். கையால் வாயைப் பொத்திக்கொள்வான். தோள் மட்டும் குலுங்கும். இது எங்கள் பள்ளிக்கூட அதிபருடைய சிரிப்பு.

“ஓம், ஓம். இதுதான் அவன்” என்றார் மதலேனாக்கா.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. எதைக் கொடுத்தாலும் அந்த மனுசி வாங்கிக்கொள்வார். காலையில் கரைப்பக்கம் போனபோது, தன்னோடு நண்டு கழற்றும் மாக்கிறட்டுக்கு அவர் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. மகன் சிரித்தால் நிலத்தில் இருந்துவிடுவான், பிறகு வாயைப் பொத்திக்கொள்வான். இரண்டையும் சேர்த்துவிட்டார். என்னைக் கண்டதும், இனி ஆரும் விசாரிக்க வந்தால் தழும்புக்குப் பிறகு இதையும் சொல்லுவன் என்றார்.

நான் எழுதியதால் ஒரு பிள்ளை இரண்டாம் முறையும் காணாமல்போகிறான். இதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

7

ஆகவே என்னால் இந்தக் கதையை முடிக்க ஏலாது. மேலே எழுதிய இரண்டு சிரிப்பும் அவனுடையவை அல்ல. மதலேனாக்காவிடம் அதைச் சொல்ல எனக்கு இன்னும் துணிவு வரவில்லை. அதற்குப் பதிலாக இதை எழுதி அச்சுக்குக் கொடுக்கிறேன்.

இதை வாசிக்கிற நீங்கள் எங்கே இருக்கிறீர்களோ தெரியாது. பாப்பாமோட்டையிலோ, புத்தளத்திலோ, பாரிசில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்திலோ இருக்கலாம். பள்ளிமுனை றெக்சனோடு ஒரே வாங்கில் இருந்து படித்திருக்கலாம். மடுத் திருநாளுக்குப் போகும் லொறியில் அவனோடு ஏறியிருக்கலாம். ஒரே ஒருமுறை அவன் சிரிப்பதைக் கண்டிருந்தாலும் போதும். கீழே இடம் விட்டிருக்கிறேன்.

காணாதவர்கள் தயவுசெய்து அதை வெறுமையாகவே விடுங்கள். அழகாக எழுதிவிடாதீர்கள். அவர் நம்பிவிடுவார்.

றெக்சன் சிரிக்கும்போது (                                        )