விக் கடைக்காரர் முடி நட்டுக்கொண்ட கதை

எங்கள் கடையில் விற்பது விக். என் வீட்டுக்காரர் தலை வழுக்கை. இந்த இரண்டும் சேர்ந்துதான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. அதை இந்த மனுஷன் எப்படி மறந்தார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

முடி கொட்டிப் போய் எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் தொப்பியையோ தலைத்துணியையோ கழற்றவே மாட்டார்கள். கழற்றாமல் எப்படி அளவெடுப்பது? நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்போது இவர் எதிரே போய் நிற்பார். "முதல்ல நான்," என்று சொல்லி, தன் தலையிலிருக்கும் விக்கை ஒரே இழுப்பில் கழற்றிக் குனிந்து நிமிர்வார். விளக்கு வெளிச்சத்தில் மண்டை பளபளவென்று மின்னும். வந்தவர் பக்கென்று சிரித்துவிடுவார். சிரிப்பு அடங்குவதற்குள் அவர் தலைத்துணியும் கழன்றிருக்கும். அதற்கப்புறம் என் பாடு.

நான்தான் கட்டுகிறவள். மெல்லிய வலையில் கொக்கி ஊசியால் ஒவ்வொரு முடியாக முடிச்சுப் போட வேண்டும். இவர் தலையில் இருந்ததும் நான் கட்டியதுதான். நெற்றியோரத்தில் பூனை முடி, காதோரம் கொஞ்சம் நரை, உச்சியில் ஒரு சுழி. பார்த்துப் பார்த்துக் கட்டியது. தெருவில் ஒரு ஈ காக்காய்கூடக் கண்டுபிடித்ததில்லை. சாயங்காலம் கடையைச் சாத்தியதும் அதை வாங்கி, ஷாம்பு போட்டு அலசி, மரத்தலையில் மாட்டி, சிக்கெடுத்துச் சீவி வைப்பேன். பிள்ளையைப் போல் பார்த்துக்கொண்டேன் என்றே சொல்லலாம்.

அப்படியிருக்க ஒரு நாள், பாத்ரூமுக்குப் போன மனுஷன் வெளியே வரவே இல்லை. கடையில் இரண்டு பெண்கள் நீள விக்குகளை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூலையிலிருந்த ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று பாட்டு நின்றது.

"நண்பர்களே! விக்கை மாட்டிக்கிட்டு ஊரை ஏமாத்தினது போதும்! பின்னந்தலையில இருந்து வேரோட எடுத்து முன்னந்தலையில நட்டா, அது உங்க சொந்த முடி! குளிக்கலாம், நீந்தலாம், காத்துல பறக்க விடலாம்!" என்று எவனோ ஸ்பீக்கரில் கத்தினான்.

பாத்ரூமுக்குள்ளிருந்த இவருடைய போன் கடை ஸ்பீக்கரோடு சேர்ந்துகொண்டது எனக்குப் புரிவதற்குள், அந்தப் பெண்கள் விக்குகளைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு நடையைக் கட்டினார்கள். நான் போய்க் கதவைத் தட்டினேன்.

"உள்ள என்ன பண்றீங்க?"

"வயிறு சரியில்லம்மா."

"வயித்துக்கும் முன்னந்தலைக்கும் என்னங்க சம்பந்தம்?"

பதிலுக்குத் தண்ணீர் ஊற்றும் சத்தம்தான் வந்தது.

வெளியே வந்தவர் திருதிருவென்று முழித்தார். "ஆசையா இருக்கு. சொந்தமா கொஞ்சம் முடி இருந்தா நல்லா இருக்கும்ல?" என்றார்.

"அப்ப நான் கட்டிக் கொடுத்தது?"

"அது நல்லாத்தான் இருக்கு. ஆனா அது யாரோ வித்த முடிதானே?"

எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஊரில் உள்ள தலைகளெல்லாம் என் கைவேலைக்குக் காத்திருக்கின்றன. கட்டின புருஷன் தலைக்கு மட்டும் அது வேண்டாமாம். என்ன குறை கண்டார்? அதைச் சொல்லவும் வாய் வரவில்லை அவருக்கு. "கடை என்ன ஆகும்? இனிமே யாரு முதல்ல கழட்டுவா?" என்று கேட்டேன். "பார்த்துக்கலாம்," என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. போங்கள், எக்கேடோ கெட்டுப் போங்கள் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒளிவுமறைவு இல்லாமல் ஆராய்ச்சி நடந்தது. சாப்பிடும்போது அடுத்தவன் மண்டையின் 'முன்பு', 'பின்பு' படங்களை என் தட்டுக்கு நேரே நீட்டுவார். என் அளவு நாடாவையே எடுத்துத் தன் பின்னந்தலையை அளப்பார். பின்னால் பற்றாவிட்டால் தாடியிலிருந்தும் எடுக்கலாமாம். அதற்காகத் தாடி வேறு வளர்த்தார். முதலில் போன கிளினிக்கில் டாக்டரே வழுக்கை. "நீங்க ஏன் சார் பண்ணிக்கல?" என்று இவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டிருக்கிறார். "எனக்கு வேற யார் மேலயும் நம்பிக்கை இல்லை," என்றாராம் டாக்டர். இவர் அப்படியே எழுந்து வந்துவிட்டார். அடுத்த கிளினிக்கில் டாக்டருக்கு முடி காடாக இருந்தது. அதையே தகுதியாக எடுத்துக்கொண்டு தேதி வாங்கிவிட்டார்.

கூட வரமாட்டேன் என்று சொன்னேன். அன்று காலையில் அவருக்கு முன்னால் நான் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றேன். தனியாகவா விட முடியும்?

முழுத் தலையையும் மழித்து, குப்புறப் போட்டுப் பின்னாலிருந்து முடியைப் பிடுங்கி, மல்லாத்திப் போட்டு முன்னால் நட்டு, சாயங்காலம் வெளியே அனுப்பினார்கள். பின்னந்தலையில் கட்டு. முன்னந்தலை முழுக்கச் சிவப்புப் புள்ளிகள், அப்போதுதான் நாற்று நட்ட பாத்தி மாதிரி. "இது மேல காத்தைத் தவிர வேற எதுவும் படக்கூடாது. கொஞ்ச நாளைக்கு மரத்துப்போய்த்தான் இருக்கும், பட்டாலும் உங்களுக்குத் தெரியாது, ஜாக்கிரதை," என்று நர்ஸ் விரலை ஆட்டிச் சொன்னாள். இவர் தலையாட்டக்கூடப் பயந்து கண்ணால் சரி என்றார்.

வீட்டுக்கு வந்தபின் எனக்குத்தான் ஆபரேஷன். மனுஷன் படுக்கக் கூடாது, சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்க வேண்டும். நான் உப்புத் தண்ணீரை அடிக்கடி தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். தலையில் ஏற்றிய மருந்துத் தண்ணீரெல்லாம் நெற்றிக்கு இறங்கி, நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறங்கி, முகம் வீங்கிப் போய்விட்டது. அவர் கண்ணைத் தேடித்தான் பேச வேண்டியிருந்தது.

கட்டுப் பிரித்ததும் தலையை அலசச் சொன்னார்கள். அவர் கையை நம்பி விடுவேனா? நானே அலசினேன். குழந்தைகள் ஷாம்பு நுரையை விரல்நுனியில் எடுத்து ஒற்றி ஒற்றி வைத்து, குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்ற வேண்டும். தேய்க்கவே கூடாது. கோபம் இருந்தாலும் என் கைக்கு அது தெரியாதே. தன் வேலையை அது பாட்டுக்குச் செய்தது. இவர் கண்ணை மூடிக்கொண்டு கம்மென்று உட்கார்ந்திருந்தார்.

"வலிக்குதா?"

"இல்ல. இன்னும் கொஞ்சம் நுரை வையேன்."

வீட்டில் விட்டால் நாளெல்லாம் கண்ணாடி முன்னால்தான் நிற்பார் என்று கடைக்கே கூட்டிக்கொண்டு போய்ப் பின்னறையில் உட்காரவைத்தேன். பக்கத்தில் மரத்தலை. அதன்மேல் அவருடைய பழைய விக். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்குப் பார்த்தா ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ் வர வேண்டும்? நெடுநெடுவென்று உயரம், இஸ்திரி கலையாத உடை, காதுவரை இறுக்கிக் கட்டிய தலைத்துணி. முடியெல்லாம் கொட்டிப்போகும் பெரிய வைத்தியம் முடிந்து வந்திருக்கிறார்; பள்ளிக்கூடம் திறக்கும்போது விக்கோடு போக வேண்டும். "அளவெடுக்கணும்மா, துணியை..." என்றேன். "துணி மேலயே எடுங்க," என்றார். முடியாது என்றேன். அவர் தரையைப் பார்த்தார். உத்தரவு போட்டே பழகியவர் தலைத்துணியின் முடிச்சைக் கையால் பிடித்துக்கொண்டார். நான் அளவு நாடாவைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக நின்றேன். இவர் இல்லாத குறை எனக்கு அப்போதுதான் நன்றாக உறைத்தது.

பின்னறைக் கதவு திறந்தது.

வீங்கிய முகத்தோடு இவர் வந்து நின்றார். தலையில் விக். நழுவாமல் பிடிக்கும் நெற்றியோரத்துப் பசை டேப் வரைக்கும் அழுத்தி ஒட்டிய விக்! "வேண்டாங்க!" என்று கத்துவதற்குள், "முதல்ல நான்," என்று ஒரே இழுப்பில் கழற்றிவிட்டார்.

சிரிக்கவில்லை ஹெட்மிஸ்ட்ரஸ். வீல் என்று அலறினார். இடது நெற்றியோரத்திலிருந்து ரத்தம் கோடாக இறங்கியது. இவருக்கோ ஒன்றுமே தெரியவில்லை. மரத்துப்போன தலையோடு குனிந்து நிமிர்ந்து, எப்போதும்போல் சிரித்துக்கொண்டே நின்றார்.

"அசையாதீங்க! கையைக் கீழ விடுங்க! நேரா நில்லுங்க!" ஹெட்மிஸ்ட்ரஸ் நாற்காலியிலிருந்து பாய்ந்து எழுந்து, தன் தலைத்துணியைச் சரக்கென்று உருவி, அதை வைத்து அழுத்தப் போனார். "ஐயோ, அழுத்தாதீங்க டீச்சர், நாத்து பிடுங்கிக்கும்!" என்று நான் குறுக்கே பாய்ந்தேன். மூன்று பேரும் அப்படியே நின்றோம். எதிரே கண்ணாடியில் ஒரு ரத்தத் தலை, ஒரு மொட்டைத் தலை, நடுவில் என் தலை. ஹெட்மிஸ்ட்ரஸ் தன்னைத்தானே பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார்.

"உங்களைவிட நான் பரவாயில்ல," என்றார். அதன் பிறகுதான் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் இவருக்குச் சுத்தமான பஞ்சை ஒற்றிவிட்டு, அந்தச் சூட்டோடு அவருக்கு அளவையும் எடுத்துவிட்டேன்.

கிளினிக்குக்குப் போன் போட்டேன். "விக்கா? விக்கையா மாட்டினார்?" என்று நர்ஸ் திரும்பத் திரும்பக் கேட்டாள். ரத்தத்தோடு வந்தது வந்ததுதான், அது இனி முளைக்காது, மற்றதுக்குப் பயமில்லை என்றாள்.

இவர் தலையைப் பிடித்துக்கொள்ளக்கூட வழியில்லாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வெறும் தலையோட வந்து நின்னிருக்கலாமே? எதுக்குங்க மாட்டினீங்க?"

"கழட்ட எதுவும் இல்லையேம்மா. மாட்டினாத்தானே கழட்ட முடியும்?"

அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கி வந்துவிட்டது. "இவ்வளவு பாடு எதுக்கு? நான் கட்டினதுல என்ன குறை? இன்னைக்குச் சொல்லியே ஆகணும்!"

"ஒரு குறையும் இல்ல. அதான் பிரச்சினை." அவர் மரத்தலையைக் காட்டினார். "தினமும் சாயங்காலம் அதைக் கழட்டி இவன் தலையில வைக்கிற. அலசுற, சிக்கெடுக்கிற, பாட்டு வேற பாடுற. நான் பக்கத்துலயே மொட்டையா உட்கார்ந்திருக்கேன். அளவெடுக்கத் தொட்டதோட சரி, ஆபரேஷனுக்கு முன்னால இந்தத் தலையை என்னைக்காவது தொட்டிருக்கியா? முடின்னு ஒண்ணு தலையிலயே இருந்தா, சீவ நீ இங்கதானே வரணும்?"

"நீங்க விக் மேலயா பொறாமைப்பட்டீங்க?"

"விக் மேல இல்ல. மரத்தலை மேல."

சிரிப்புதான் முதலில் வந்தது. அது பாதியிலேயே அழுகையாகிவிட்டது. கடையை அன்று சீக்கிரமே சாத்தினேன். மரத்தலையைத் தூக்கி அலமாரிக்குள் வைத்தேன். இவர் தலையை அலசினேன்.

பொருக்கெல்லாம் உதிர்ந்த பிறகு, கொஞ்ச நாளில் நட்ட முடியும் உதிர ஆரம்பித்தது. தலையணை உறையைத் தூக்கிக்கொண்டு வந்து, "போச்சு, எல்லாம் போச்சு," என்று ஒப்பாரி வைத்தார். இப்படித்தான் விழும், வேர் உள்ளே இருக்கிறது, மாதக்கணக்கில் மெதுவாக முளைக்கும் என்று நர்ஸ் முதலிலேயே சொல்லியிருந்தாள். ஆராய்ச்சியாளருக்கு அது மட்டும் மறந்துவிட்டது. இனி ஒற்றி ஒற்றி அலச வேண்டியதில்லை, அவரே குளித்துக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருந்தாள். அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

முளைத்தது. முதலில் பூனை முடி, பிறகு நிஜ முடி. இடது நெற்றியோரத்தில் மட்டும், டேப் பிடுங்கிய இடம், கட்டைவிரல் அகலத்துக்கு மொட்டையாகவே நின்றுவிட்டது. ஒரு நாள் அதைக் கண்ணாடியில் பார்த்தபடி என்னிடம் இழுத்து இழுத்துச் சொன்னார்:

"இந்த இடத்துக்கு மட்டும் சின்னதா ஒண்ணு கட்டித் தர்றியா?"

"ஏன், யாரோ வித்த முடி பரவாயில்லையா இப்ப?"

"கடைக்கு வேணும்மா. முதல்ல நான்னு சொன்னா, கழட்ட ஏதாவது வேண்டாமா?"

நாற்காலியில் உட்காரவைத்தேன். அளவு நாடாவைத் தேடினேன், கிடைக்கவில்லை. விரலாலேயே அளந்தேன். அளந்த பிறகும் விரல் பக்கத்து முடிக்குள் போய்க்கொண்டிருந்தது. மெத்தென்றுதான் இருந்தது. நான் கட்டிய அளவுக்கு அடர்த்தி இல்லை, சுழிகூட இல்லை.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "என்ன, அளவு கிடைச்சுதா?"

"இன்னும் இல்ல. பேசாம உட்காருங்க," என்றேன்.