பின்தண்டுக்காரன்

திருத்தணி மலையில் டோலி தூக்கிய தேசப்பனுக்கு, தோளில் தண்டு ஏறியதிலிருந்து இறங்குகிற வரைக்கும் கால் படியில் படாது. ஒரு சாண் உயரத்தில் காற்றை மிதித்துக்கொண்டு ஏறுவான், அதே உயரத்தில் இறங்குவான். தண்டைக் கீழே வைத்துவிட்டால் எல்லோரையும் போலத் தரையில்தான் நடப்பான். சந்தைக்குப் போனால் காலில் சேறு ஒட்டும், முள் குத்தும். உலகச் சண்டைக்கு முந்தின வருஷங்களில் இதைப் பார்க்கவென்றே வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஊர்க்காரர்களுக்குப் பழகிப்போய்விட்டது. புளி என்ன விலை, ரயில் ஏன் இன்னும் வரவில்லை என்கிற பேச்சோடு, தேசப்பன் இன்றைக்கு மிதந்தானா என்றும் கேட்டுவிட்டு வெற்றிலையை மடிப்பார்கள். டோலிக்காரர்கள் அமாவாசைக்கு அமாவாசை முறை வைத்துப் படி கூட்ட வேண்டும் என்பது மலையின் வழக்கம். கால் படாதவன் புழுதி கொண்டுவருவதில்லை என்று தேசப்பனுக்கு மட்டும் அதிலிருந்து விலக்குக் கொடுத்திருந்தார்கள்.

டோலி என்றால் பெரிய சூத்திரம் ஒன்றும் கிடையாது. இரண்டு மூங்கில் தண்டுகளுக்கு நடுவே ஒரு நாற்காலியைக் கட்டி, முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன் தோள் கொடுத்துத் தூக்குவது. படியேற முடியாத கிழவர்கள், நோயாளிகள், உடம்பு கனத்த பணக்காரர்கள் உட்கார்ந்து வருவார்கள். ஏறும்போது அவர்கள் முகம் கோயிலைப் பார்த்திருக்கும். இறங்கும்போதும் சாமிக்கு முதுகு காட்டக்கூடாது என்று நாற்காலியைத் திருப்ப மாட்டார்கள். தூக்குகிறவர்கள்தான் தண்டுக்குள்ளேயே திரும்பிக்கொள்வார்கள். அதனால் ஏறினாலும் இறங்கினாலும் முன்தண்டுக்காரன் எப்போதும் மேல் படியில், உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு நேராக இருப்பான். பின்தண்டுக்காரன் எப்போதும் கீழ்ப் படியில், நாற்காலியின் முதுகுக்குப் பின்னால். சாய்வில் பாரம் கீழே இறங்கும் என்பது மாடு மேய்க்கிறவனுக்கும் தெரியும். அந்தப் பாரம் இறங்குகிற தோளைச் சவாரிக்காரர்கள் யாரும் பார்த்ததில்லை.

தேசப்பனுக்குப் பின்தண்டு பிடித்தவன் தங்கவேல். நாற்பத்து மூன்றாம் வருஷம், அரக்கோணத்தில் வெள்ளைக்காரன் ஏரோப்ளேன் இறங்க மைதானம் போடுகிறான், கூலியோடு அரிசியும் தருகிறான் என்று கேள்விப்பட்டு, தங்கவேல் தோள்துண்டை உதறிக்கொண்டு போய்விட்டான். ஊரில் அரிசி கண்ணில் படாத காலம், அவனைக் குறை சொல்ல முடியாது. அடுத்த நாளே தேசப்பன் தன் மகன் துளசிங்கத்தைக் கூட்டிக்கொண்டு மலையடிவாரத்துக்கு வந்தான். துளசிங்கத்துக்கு அப்போதுதான் மீசை அரும்பியும் அரும்பாமலும் இருந்தது. முந்தின ராத்திரி அவன் சரியாகத் தூங்கவில்லை. அப்பன் மிதந்தால் பிள்ளையும் மிதப்பான், விடிந்ததும் தன் காலும் மேலே எழும்பும் என்று நினைத்துக் குதிகாலைத் தேய்த்துக் கழுவி வைத்திருந்தான்.

கால் எழும்பவில்லை. தண்டு தோளில் இறங்கியதும் முழங்கால்தான் மடங்கியது. அப்பன் ஒரு சாண் மேலே மிதக்க, டோலி இன்னும் சாய்ந்து, நாற்காலியும் அதிலிருந்த செட்டியாரும் செட்டியாரின் வெல்ல மூட்டையும் அவன் நெஞ்சை நோக்கி வழுக்கிக்கொண்டு வந்தார்கள். அது போதாதென்று இன்னொரு சங்கடம். பாரம் தாங்குகிறவனுக்குத்தான் மூச்சின் அளவு தெரியும் என்று, டோலியை எங்கே இறக்குவது என்பதைப் பின்தண்டுக்காரன்தான் சொல்ல வேண்டும். "எறக்கு" என்று ஒரு அதட்டல் போட்டால் முன்தண்டுக்காரன் நிற்பான். பெற்ற அப்பனைப் பார்த்து எறக்கு என்று எப்படிச் சொல்வது? "நைனா, கொஞ்சம் எறக்கறீங்களா?" என்று ஆரம்பித்தான். பக்கத்தில் ஏறிக்கொண்டிருந்த டோலிக்காரர்கள் சிரிப்பில் தடுமாறிவிட்டார்கள். "டேய், பத்திரிகை வெச்சி வெத்தில பாக்கோட கூப்பிடுடா, நிப்பாரு!" என்றான் ஒருவன். துளசிங்கம் வாயை மூடிக்கொண்டான். உச்சி வரைக்கும் ஒரே மூச்சாக ஏறி, செட்டியாரை இறக்கிவிட்டு, மண்டபத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான். செட்டியார் தேசப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு, "தொட்டில்ல ஆட்டின மாதிரி இருந்துச்சுப்பா" என்றார்.

அன்றைக்குப் பிடித்த பொறாமை துளசிங்கத்தை விடவில்லை. அது பசி மாதிரி வேளைக்கு வேளை வந்தது. செட்டியார்கள் அப்பனுக்கு வெற்றிலை கொடுத்தபோது வந்தது. தெலுங்கு தேசத்துப் பெண்கள் அப்பனின் நிழலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது வந்தது. அமாவாசை அன்று, தன் முறைக்குத் தானே விளக்குமாறு பிடித்துப் படி கூட்டும்போது, கீழே ஆலமரத்து நிழலில் அப்பன் காலை நீட்டிப் படுத்திருப்பதைப் பார்த்து அதையும் புழுதியோடு சேர்த்து விழுங்கினான். சரவணப் பொய்கைக் கரையில் பூ விற்ற ரஞ்சிதத்தை அவன் ஒரு மாதமாகப் பார்த்தும் பார்க்காமலும் போய்க்கொண்டிருந்தான். ஒரு நாள் அவளே வாயைத் திறந்தாள். "உங்க நைனா காலு எப்படி சுத்தமா கீது பாரு. நீ இன்னா, ஏர் ஓட்டிட்டு நேரா வரியா?" என்றாள். பக்கத்துப் பூக்காரிகள் சிரித்தார்கள். துளசிங்கம் பொய்கையில் இறங்கிக் காலைக் கழுவினான். அடுத்த நடையில் மறுபடியும் முட்டி வரைக்கும் புழுதி.

பின்னால் இருந்து பார்த்துக்கொண்டே ஏறியதில் அவனுக்கு ஒன்று புரிந்தது. கனத்த ஆள் உட்கார்ந்தால் அப்பன் உயரமாக மிதந்தான். ஒல்லியான ஆள் என்றால் கொஞ்சம் தாழ்ந்தான். தன் தோளில் எவ்வளவு இறங்குகிறதோ, அவ்வளவு அப்பன் மேலே ஏறுகிறான். ராத்திரி சோற்றைப் பிசைந்தபடியே இதை அம்மா கெங்கம்மாளிடம் சொன்னான். "அந்தாளு தூக்கறதே இல்லம்மா. பாரம் பூரா எங்கிட்ட தள்ளிட்டு அவரு மெதந்துகினு போறாரு." கெங்கம்மாள் அடுப்பை ஊதிக்கொண்டே, "இத நீ இப்பத்தான் கண்டுபுடிச்சியா? ஊட்ல மட்டும் என்ன வாழுதாம். உல அரிசி எங்கேர்ந்து வருதுன்னு ஒரு நாளு கேட்டுகீறாரா?" என்றாள். கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த தேசப்பன் இதைக் கேட்டானா இல்லையா என்று தெரியவில்லை. குறட்டை ஒரு நொடி நின்று, பிறகு தொடர்ந்தது.

மூன்று ஆடிக் கிருத்திகை இப்படிப் போயிற்று. சண்டை முடிந்தது, அரக்கோணத்தில் ஏரோப்ளேன் சத்தம் குறைந்தது. துளசிங்கத்தின் தோளில் காய்ப்பு ஏறி, மாட்டின் கழுத்து மாதிரி ஆகிவிட்டது. அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: முன்தண்டு. ஒரே ஒரு நடை. கேட்க வாய் வரவில்லை. அப்பனாகக் கூப்பிட்டுக் கொடுப்பான் என்று காத்திருந்தான். அப்பன் தண்டுக்குள் புகுந்து முன்னால் பார்த்து நின்றால், உச்சி வரைக்கும் பின்னால் திரும்பியதே கிடையாது.

நாற்பத்தாறாம் வருஷத்துக் கிருத்திகைக்கு ஆர்.கே.பேட்டைப் பக்கத்திலிருந்து ரத்தினம்மாள் வந்தாள். நிலபுலம் உள்ள வீட்டம்மாள், வருஷம் தவறாமல் வருகிறவள், தேசப்பன் டோலி தவிர வேறு டோலியில் உட்காராதவள். உடம்பும் அதற்கேற்ற உடம்பு. மலை முழுக்கப் பூக்காவடி, படிக்குப் படி அரோகரா. பாதி மலையில், தேசப்பன் வழக்கத்தைவிட உயரமாக, காவடிகளுக்கு மேலே தலை தெரியப் போய்க்கொண்டிருந்தபோது ரத்தினம்மாள் அவனிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"இத்தினி வருசமா பாக்கறேன், கேட்டதே இல்ல பாரு. தேசப்பா, உனக்குப் புள்ளைங்க எத்தினி?"

"ஒருத்தன் கீறாம்மா."

"இன்னா பண்றான்?"

"இன்னாத்த பண்றான். எங்கூட ஒத்தாசைக்கு வருவான், போவான்" என்றான் தேசப்பன்.

நாற்காலியின் முதுகுக்குப் பின்னால், அந்த அம்மாளின் முழுப் பாரத்தையும் கழுத்தில் தாங்கிக்கொண்டிருந்த துளசிங்கத்தின் காதில் இது விழுந்தது. மூன்று வருஷம் வராத சொல் அப்போது வந்தது.

"எறக்கு!"

தேசப்பனின் கால் படபடவென்று கீழே இறங்கித் தரையைத் தொட்டது. டோலியை வைத்தார்கள். துளசிங்கம் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து அப்பனுக்கு எதிரே நின்றான். வியர்வையில் திருநீறு கரைந்து கண்ணில் இறங்கியிருந்தது. "நான் முன்னால போறேன். நீ பின்னால போ" என்றான். அப்பனை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. காவடிக்காரர்கள்கூட ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தேசப்பன் மகனின் முகத்தைப் பார்த்தான், தோள் காய்ப்பைப் பார்த்தான். அடித்துவிடுவான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவன் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனான்.

துளசிங்கம் முன்தண்டைத் தோளில் வைத்தான். வைத்தானே தவிர, தோளில் ஒன்றும் இருக்கிற மாதிரி தெரியவில்லை. உள்ளங்காலுக்கும் படிக்கும் நடுவே ஈரத்துணி விரித்த மாதிரி ஒரு குளுமை நுழைந்தது. ஒரு சாண் எழும்பினான், இரண்டு சாண் எழும்பினான். காவடிகளுக்கு மேலே நந்தியாற்று மணலும், ரயில் தண்டவாளமும், அதற்கப்பால் திருப்பதிப் பக்கத்து மலைகளும் தெரிந்தன. இதையெல்லாம் இந்த மனுஷன் இத்தனை வருஷமாகத் தனியாகவா பார்த்துக்கொண்டிருந்தான் என்று நினைத்தபோது பொறாமை இன்னொரு சுற்றுப் பெருத்தது. பின்னாலிருந்து, "டேய், மெல்ல போடா" என்ற குரல் கேட்டது. துளசிங்கம் வேகமாகப் போனான். கீழே கூட்டம் அரோகரா என்று அலறியது. மலையே அதிர்கிற அரோகரா. தனக்குத்தான் என்று நினைத்து அவன் கழுத்தை நிமிர்த்திக்கொண்டான்.

அது அவனுக்கு இல்லை. பின்தண்டில் தேசப்பன் வைத்த ஒவ்வொரு அடியும், நாற்று நடுகிற சேற்றில் இறங்குகிற மாதிரி, கருங்கல் படியில் கணுக்கால் வரைக்கும் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் காலைப் பிடுங்கினான், அடுத்த படியில் வைத்தான், அதிலும் இறங்கியது. இத்தனை வருஷம் தூக்காத பாரம் மொத்தமும் ஒரே நடையில் அவனிடம் வந்து சேர்ந்தது என்று, செய்தி கேட்டுப் பிறகு வந்த தங்கவேல் சொன்னான். தங்கவேலுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும். தேசப்பன் கால் எடுத்த பள்ளத்தில் அப்போதே பெண்கள் காவடிப் பூவை உருவிப் போட்டார்கள். எவனோ கற்பூரம் ஏற்றினான். ரத்தினம்மாள் தன் ஆயுசில் முதல் தடவையாக, சாமிக்கு முதுகு காட்டுகிறோமே என்ற நினைப்பும் இல்லாமல், நாற்காலியில் முழுக்கத் திரும்பி உட்கார்ந்து பின்னால் பார்த்தாள். முன்னால் இரண்டு சாண் உயரத்தில் துளசிங்கம் மிதந்துகொண்டிருந்தான்.

உச்சியில் டோலியை இறக்கியதும் தேசப்பன் அப்படியே படியில் உட்கார்ந்தான். கணுக்கால் வரைக்கும் கல்தூள் சாம்பலாக ஒட்டியிருந்தது. மூச்சு வாங்க மகனை நிமிர்ந்து பார்த்து, "இத்தினி நாளும் இவ்ளோ கனமாடா இருந்துச்சி? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்று கேட்டான். இந்தக் கேள்விக்காகத்தான் துளசிங்கம் மூன்று வருஷம் காத்திருந்தான். பதிலும் கைவசம் இருந்தது. வாயைத் திறப்பதற்குள் ஜனம் நடுவே புகுந்து, தேசப்பனின் காலைத் தொட நான் நீ என்று முட்டி மோதி, மகனை மண்டபத்துத் தூண் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்விட்டது. வீட்டுக்கு வந்த பிறகு அப்பன் அதை மறுபடியும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது என்று மகனும் இருந்துவிட்டான்.

தேசப்பன் அதற்கப்புறம் தண்டு தொடவில்லை. இன்னும் நாலு நடை அவன் பின்தண்டு பிடித்தால் ஏறுவதற்குப் படியே மிஞ்சாது என்று மலையில் எல்லோருமாகக் கேட்டுக்கொண்டார்கள். பாதி வழி மண்டபத்தில் ஏறுகிறவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். சுதந்திரம் வந்த அடுத்த வருஷம் ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். பள்ளங்களில் மழைநீர் நின்றது, அந்த நீரைக் குழந்தைகளுக்குக் கண்ணில் தடவினார்கள். யார் பாதம் என்பது மெதுவாக மறந்துபோய், முருகன் வள்ளியோடு மலையேறின பாதம் என்று வெளியூர்க்காரர்கள் சொல்ல, ஊர்க்காரர்களும் அதற்கு ஆங் என்று தலையாட்டத் தொடங்கினார்கள். துளசிங்கம் முன்தண்டிலேயே நிலைத்தான். தினமும் மிதந்தான். அப்பன் மிதந்ததைவிட உயரமாகவே மிதந்தான். ஆனால் மிதப்பதைத் திருத்தணி முன்பே பார்த்துவிட்டது. ரஞ்சிதத்தைக் கட்டிக்கொண்டான், அவளும் வெள்ளிக்கிழமை தோறும் கடைசிச் சரத்தை வீட்டுக்குக் கொண்டுவராமல் மாமனார் பாதத்தில் போட்டுவிட்டு வந்தாள். பின்தண்டுக்குப் பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்து சேர்ந்தான். அவன் முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால் துளசிங்கத்துக்குச் சட்டென்று சொல்லத் தெரியாது.

செத்தவன் மேல் பொறாமைப்படுவது கூலியில்லாத வேலை, அதற்கு ஓய்வும் கிடையாது. நாற்பத்தொன்பதாம் வருஷம் சித்திரையில், வெயிலுக்குப் பயந்து சவாரி வராத ஒரு மத்தியானம், துளசிங்கம் தண்டில்லாமல் தனியாகப் படியேறி வந்தான். சுற்றிப் பார்த்தான். பூவை ஒதுக்கிவிட்டு, அந்தப் பள்ளங்களில் ஒன்றில் தன் வலது காலை மெல்ல வைத்தான். அடியில் கல் சுட்டது. குதிகால் பொருந்தியது, விரல் பக்கம் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. அதை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றவன், மேலேயிருந்து இறங்கி வந்த வெளியூர் அம்மாள் ஒருத்தியைக் கவனிக்கவில்லை.

"அடப்பாவி, கடவுள் பாதத்துல கால வெக்கறியே, நீயெல்லாம் மனுசனா? யார் பெத்த புள்ளடா நீ?" என்று அவள் கத்தினாள்.

துளசிங்கம் காலை எடுத்தான். அவள் நிற்கச் சொன்ன இடத்தில் நின்றான். போட்டுக்கொள்ளச் சொன்னபடி கன்னத்தில் போட்டுக்கொண்டான். அவள் மனசிறங்கிப் பள்ளத்திலிருந்தே குங்குமத்தை எடுத்து அவன் நெற்றியில் வைத்துவிட்டுப் போனாள். கீழேயிருந்து பின்தண்டுப் பையன், சவாரி வந்திருக்கிறது என்று குரல் கொடுத்தான். துளசிங்கம் இறங்கிப் போய் முன்தண்டுக்குத் தோள் கொடுத்தான். கால் எழும்பியது. டோலி மலையேறியது, ஒதுங்கி நின்று வழிவிட்டவர்கள் புளி விலையைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.