மேனேஜரின் தோலுக்குள் ஓர் அரிசிமணி

அந்தத் தையற்கடையில் மேனேஜர் என்றால் பூனைதான். வெட்டி வைத்த துணிமேல் ஏறி உட்கார்ந்து, யார் எதைக் கொடுத்தாலும் முகர்ந்து பார்த்த பிறகுதான் வேலை நடக்கவிடும். சில வருஷங்களுக்கு முன் ஒரு மழைநாளில் நனைந்த சாக்கு மாதிரி வந்து சேர்ந்தது. தையல்காரம்மா தான் சாப்பிடுகிறாளோ இல்லையோ, அதற்கு மீன் உண்டு. பெற்ற பிள்ளைக்குக்கூட இவ்வளவு செல்லம் கொடுத்திருப்பாளா என்று தெரு பேசிக்கொண்டது. தெருவுக்கு வேறென்ன வேலை?

திரைச்சீலையைக் குட்டையாக்க வந்த டீச்சர்தான் கலகத்தைத் தொடங்கினார்.

"ஐயோ, எங்க பஞ்சு! வீடு மாத்தும்போது காணாமப் போனவன்!"

"பஞ்சாவது நூலாவது. இது எங்க மேனேஜர்."

"கழுத்துக்குப் பின்னாடி தோலுக்குள்ள அடையாள எண் இருக்குற சிப் வச்சிருக்கோம்க்கா. அரிசி அளவுதான் இருக்கும். டாக்டர்கிட்ட காட்டிடலாமா?"

துணிக்குள் ஒடிந்த ஊசிமுனையையே தடவி எடுக்கும் விரல்கள் தையல்காரம்மாவுடையவை. பூனையின் கழுத்தைத் தடவினாள், ஒன்றுமில்லை. "வாங்க போலாம்" என்று கூடையோடு முன்னால் நடந்தாள். வேடிக்கை பார்க்க அரைத்தெரு பின்னால் போனது.

டாக்டரம்மா டிவி ரிமோட் போன்ற ஒரு கருவியைக் கழுத்தருகே ஓட்டினார். சத்தமே இல்லை.

"பாத்தீங்களா?" என்றாள் தையல்காரம்மா.

"அவசரப்படாதீங்க. சில சமயம் சிப் நகர்ந்து கீழ இறங்கிடும்."

அப்போதுதான் தையல்காரம்மாவுக்கு நினைவு வந்தது. முன்னங்காலின் மேற்பக்கம், கொழுப்புக் கட்டி என்று தினமும் எண்ணெய் தடவிவிடுகிறாளே! பூனையைப் பிடித்துக்கொள்வதுபோல் அந்த இடத்தை உள்ளங்கையால் மூடினாள்.

கருவி அவள் புறங்கைக்கு மேல் வந்தது. 'பீப்.' திரையில் நீளமாய் ஓர் எண்.

டீச்சர் தன் போனில் இருந்த எண்ணோடு ஒத்துப் பார்த்து அழுதேவிட்டார். தையல்காரம்மாவோ தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என் கையைத் தாண்டியா பேசுச்சு? இதுக்கு யாரு பேட்டரி மாத்துறா?"

"பேட்டரியே கிடையாதும்மா. நாம கேட்டாத்தான் பதில் சொல்லும். அதுவரைக்கும் சும்மா கிடக்கும்."

"இத்தனை வருஷமும்... என் மடியிலயே... கேக்க ஆளில்லாமயா கிடந்துச்சு?" அவள் குரல் இறங்கிவிட்டது. "இன்னொரு தடவை கேளுங்க டாக்டரம்மா."

இந்த முறை கையை அவளே எடுத்துவிட்டாள். 'பீப்.' அதே எண்.

"தெரிஞ்சேதான் மூடினேன், டீச்சர்" என்றாள். "கூட்டிட்டுப் போங்க."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "டாக்டர், இந்தச் சிப் எண்ணோட பதிவுல இன்னொரு போன் நம்பர் சேக்க முடியுமா? நான் ஸ்கூலுக்குப் போயிட்டா பகல்ல இவன் தனியா இருக்கணும். மேனேஜர் வேலைக்கு வந்துதானே ஆகணும், என்னக்கா?"

இப்போது காலையில் கடைக்கு, மாலையில் டீச்சர் வீட்டுக்கு என்று மேனேஜருக்கு ஒழுங்கான உத்தியோகம். ஆள் இல்லாத நேரத்தில் தையல்காரம்மா அந்த அரிசிமணியைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள். தன் நம்பரும் அதற்குள் ஏறிவிட்டது என்பது அவள் கட்சி. போன் நம்பர் எல்லாம் கம்ப்யூட்டர் பதிவில்தான் இருக்கும், சிப்பில் இல்லை என்று விளக்கப்போன பக்கத்து வீட்டுக்காரரின் சட்டை இன்னும் தைத்து வரவில்லை.