இரண்டாவது தட்டும் ஒளிர்ந்தது

அக்கா பேருந்து ஓட்டுகிறவள். எச்.ஐ.வி. வந்து பதினொரு வருஷம். ஆரம்பத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் மாத்திரை நேரமெல்லாம் அவளுக்கு மறந்துபோகும். அந்த அலட்சியத்திலேயே ஒவ்வொரு மருந்தாகக் கேட்காமல் போனது. அவர்கள் ஊர் ஆஸ்பத்திரியில் கிடைப்பதில் இனி மிச்சம் ஒன்றே ஒன்று.

நோய் எதிர்ப்பு அணுக்களின் மேல்பரப்பில் இருக்கும் ஒரு புரதத்தைப் பற்றிக்கொண்டுதான் பெரும்பாலும் கிருமி உள்ளே நுழையும். இந்த மருந்து அந்தப் புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டு கிருமியைப் பற்ற விடாது. சிலருக்கு மட்டும், நாள்பட நாள்பட, கிருமி வேறொரு புரதத்தைப் பிடித்து நுழையப் பழகிவிடும். அப்படிப் பழகிவிட்டால் மருந்து வெறும் சுண்ணாம்பு.

அதைச் சோதித்துச் சொல்வதுதான் ஆய்வுக்கூடத்தில் தங்கையின் வேலை. நோயாளியின் கிருமியை இரண்டு தட்டுகளில் வளர்த்த அணுக்களில் விடுவாள். முதல் தட்டு அணுக்களில் அந்தப் புரதம், இரண்டாவதில் மற்றது. கிருமி நுழைந்த தட்டு ஒளிரும்.

அக்காவின் ரத்த மாதிரி இருந்த குழாயில் பெயர் இல்லை, எண்தான். ஆனாலும் அதைக் கையால் வாங்கி வைத்தவளுக்குத் தெரியாதா? முதல் தட்டு ஒளிர்ந்தது. இரண்டாவதும் ஒளிர்ந்தது. மறுபடி செய்தாள். மறுபடியும் அதே.

மதியம் பணிமனைக்குப் போய் அக்காவின் பேருந்தில் ஏறினாள். அக்கா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னடி, மூஞ்சியே சரியில்ல?”

“அந்த மருந்து உனக்குக் கேக்காதுக்கா.”

“வேற?”

அக்கா துணியை மடித்து மடியில் வைத்தாள்.

“எழுதிக் குடுக்கறவ நீதானே? கேக்கும்னு எழுதியிருந்தா உன் கை என்ன வெந்தா போயிருக்கும்? மருந்து இருக்குன்னு நெனச்சுக்கிட்டு நாலு மாசம் நிம்மதியா ஓட்டியிருப்பேன்ல?”

அந்த நினைப்பு தங்கைக்கும் வராமலில்லை. காலையில் பேனாவோடு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகுதான் உள்ளதை எழுதினாள்.

“இறங்குடி, வண்டி எடுக்கணும்” என்றாள் அக்கா.

ஏழாவது வாரம் அக்கா நுரையீரலில் சளி கட்டிப் படுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து தங்கை கையைப் பிடித்தபோதெல்லாம், சண்டைபோடத் தெம்பில்லாத அக்கா மெல்ல விரல்களை உருவிக்கொண்டாள். அப்படியே போய்ச் சேர்ந்தாள்.

வேலைக்குத் திரும்பிய அன்று தலைமை மருத்துவர் கூப்பிட்டு, “அக்கான்னும் பாக்காம உள்ளத எழுதினீங்க. நீங்க செஞ்சதுதாம்மா சரி” என்றார்.

“சரிதான் சார்” என்றாள் தங்கை. கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெளியே கேட்காதபடி அழத்தான் நினைத்தாள், அழுகை வரவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.