சபாஷுக்கு முன் ஆறு விநாடி

வேதவல்லியின் பிடிவாதம் லேசுப்பட்டதல்ல. பாடத்தில் ஒரு கேள்வி கேட்டால் அடுத்த ஆறு விநாடிக்கு வானொலி வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஆறு விநாடியில் வீட்டிலிருக்கும் பிள்ளை பதில் சொல்லும். ஏழாவது விநாடியில், "சபாஷ், சரியாகச் சொன்னாய்!" என்று வேதவல்லியின் குரல் தட்டிக்கொடுக்கும். இதில் அரை விநாடியைக்கூட ஒலிப்பதிவாளர் ஜாபர் தொடக் கூடாது.

டொராண்டோவில் அப்போது தமிழருக்குச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அரை மணி நேர வானொலி இருந்தது. முன்னால் போர்த்துக்கீசியர், பின்னால் கிரேக்கர். நடுவில் கிடைத்த அந்த அரை மணியில் பாட்டு, சங்கத்து அறிவிப்பு எல்லாம் போக, வேதவல்லிக்குப் பத்து நிமிஷம். பத்து வயதிலிருந்து பதினாலு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வாழக் கற்றுத்தரும் பாடம் அது. கேலி செய்தால் எப்படித் தாங்குவது, வேண்டாம் என்பதை எப்படி வாய்விட்டுச் சொல்வது, கஷ்டம் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று பாடப்புத்தகத்தில் இல்லாத விஷயங்கள். திருச்சியில் பள்ளிக்கூட ஒலிபரப்புக்கு எழுதிப் பழகிய கை. இங்கே வந்து நாலு வருஷமாக ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் ஃபைல் அடுக்கிக்கொண்டிருந்த கைக்கு 1977 ஜனவரியில்தான் உயிர் வந்தது.

பிள்ளை பெறாதவள் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறாள் என்று சங்கத்தில் இரண்டு பெண்கள் பேசியது அவள் காதுக்கும் வந்தது. வந்தால் வரட்டும் என்று இருந்துவிட்டாள். வலிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

ஜாபர் கீழக்கரைக்காரன். மற்ற நாளெல்லாம் டிவி ரிப்பேர், புதன்கிழமை சாயங்காலம் இந்தப் பதிவு, சனிக்கிழமை காலை ஒலிபரப்பு. முதல் பாடத்தன்றே அவன் ஒரு சந்தேகம் கேட்டான்.

"பிள்ளை தப்பாச் சொல்லிட்டா என்னக்கா பண்றது?"

"தப்பாச் சொன்னாலும் தட்டிக்கொடுக்கணும். அப்பத்தான் அடுத்த வாரமும் ரேடியோ முன்னாடி வந்து உட்காரும்."

சொல்லும்போது அவளுக்கு அது பெரிய ஞானமாகத்தான் தெரிந்தது.

பிப்ரவரியில் நாலாவது பாடம். புதன்கிழமை பதிவானதைச் சனிக்கிழமை காலையில், தார்ன்க்ளிஃப் அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடி சமையலறையில், ஃபிரிட்ஜின் மேலிருந்த டிரான்சிஸ்டரில் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய குரலே கேட்டது: "உன் சாப்பாட்டைப் பார்த்து வகுப்பில் மூக்கைப் பொத்துகிறார்கள். நீ என்ன செய்வாய்?"

ஆறு விநாடி இடைவெளி. அதில் ஒரு சின்னக் குரல் கேட்டது.

"டொய்லெட்டுக்குள்ள இருந்து சாப்பிடுவன்."

"சபாஷ், சரியாகச் சொன்னாய்!" என்றது வேதவல்லியின் குரல்.

கையிலிருந்த காபி புடவையில் கொட்டியது. எதிரே தினசரி படித்துக்கொண்டிருந்த கணவர் சுந்தரராஜன் நிமிர்ந்து பார்த்தார். இந்தக் குரல் கேட்டதா என்றாள். ஒரு சத்தமும் கேட்கவில்லையே, நீ விட்ட இடைவெளிதானே அது என்றார். யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் பேச்சு என்று வேதவல்லிக்கு அந்த ஒரே வரியில் தெரிந்துவிட்டது. பெண் குழந்தை, பன்னிரண்டு வயதிருக்கும். குரலுக்கு அடியில் இன்னொரு சத்தமும் இருந்தது. எங்கோ கீழே தண்ணீர் ஓடுகிற சத்தம்.

திங்கட்கிழமை ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, ஜாபரையும் வரச்சொல்லி நிலையத்துக்கு ஓடினாள். ஜாபர் நாடாவை மூன்று முறை ஓட்டிக் காட்டினான். கேள்வி, மௌனம், சபாஷ். மௌனம் துடைத்துவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது.

அடுத்த பாடத்தன்று டிரான்சிஸ்டரில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நின்றாள். மனசுக்குள் வைத்திருக்கும் கஷ்டத்தை வீட்டில் யாரிடம் சொல்வாய் என்பது அன்றைய கேள்வி.

"ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். அம்மா அழுவா."

"சபாஷ், சரியாகச் சொன்னாய்!"

கேட்கிற குரலைவிடத் தன் குரல்தான் வேதவல்லியைப் பயமுறுத்தியது. அத்தனை உற்சாகம், அத்தனை பாசம், எதையும் காதில் வாங்காத பாசம். பதிவு செய்தபோது எதிரே ஒரு பிள்ளை இருப்பதாக அவள் ஒரு கணமும் நினைத்ததில்லை. எதிரே இருந்தது ஜாபரின் கடிகாரம்.

மார்ச்சில் ஆறாவது பாடம் ஒலிபரப்பான சனிக்கிழமை வெயில் அடித்தது. பால்கனிக் கம்பியிலிருந்து பனி உருகிச் சொட்டியது. தனியாகப் பள்ளிக்கூடம் போகும்போது எந்த வழி பாதுகாப்பானது என்று யோசித்துச் சொல், என்று வானொலி கேட்டது.

"பள்ளத்துக்குள்ள இறங்கி ஓடைக்கு மேலால நடந்து போவன். ஐஸ்தானே. அங்க நிண்டு சிரிக்கிறதுக்கு ஒருத்தரும் இல்ல."

அந்தக் குரலுக்கு அடியில் இந்தத் தடவை தண்ணீர்ச் சத்தம் பக்கத்திலேயே கேட்டது. அதற்கு மேல் மெல்லிதாக, கண்ணாடியில் விரிசல் ஓடுவதுபோல் ஒரு சத்தம்.

"சபாஷ், சரியாகச் சொன்னாய்!"

"இல்லை, சொல்லாதே!" என்று வேதவல்லி டிரான்சிஸ்டரைப் பார்த்துக் கத்தினாள். தன்னோடு தானே சண்டை போடுகிறவளைச் சுந்தரராஜன் கலவரத்தோடு பார்த்தார்.

அன்றைக்கே சங்கத்தின் தொலைபேசிப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஊரிலிருந்த தமிழ்க் குடும்பங்களே கைவிரலும் கால்விரலும் கொஞ்சம் கூடவும்தான். பன்னிரண்டு வயதையொட்டிப் பெண் குழந்தை உள்ள யாழ்ப்பாணத்து வீடுகள் மூன்று. மூன்று வீட்டிலும் பிள்ளை பஸ்ஸிலோ பெரிய ரோட்டு வழியாகவோதான் போகிறாள், பள்ளியில் நல்ல பெயர், ஒரு குறையுமில்லை என்றார்கள். ஒருத்தி, பிள்ளையை வளர்க்கத் தெரியாதவர்களா நாங்கள் என்று கேட்காத குறை. பிளெமிங்டன் பார்க்கில் இருந்த புவனேசுவரி மட்டும் கொஞ்சம் தன்மையாகப் பேசினாள். தன் மகள் சியாமளா பாடத்தை ஒரு கிழமையும் தவறவிடுவதில்லை, ஆனால் கேட்கும்போது வாயே திறக்கமாட்டாள், கூச்ச சுபாவம், அதனால் ரேடியோவோடு பேசுகிற பிள்ளை வேறு யாராவதாக இருக்கும் என்றாள். வேதவல்லி அந்தப் பெயரையும் பென்சிலால் அடித்தாள்.

திங்களிலிருந்து வெள்ளி வரை வெயில் காய்ந்தது. மத்தியானச் சாப்பாட்டு வேளையிலும் ஆபீஸ் விட்ட பிறகும், ஆபீசுக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த பள்ளத்தாக்குப் பாலத்தின் மேல் போய் நின்றாள். கீழே ஓடையின் மேல் பனிக்கட்டி இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது. அதன் நடுவே, ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு, சின்னச் சப்பாத்துத் தடங்கள் இருந்தன. பள்ளிக்கூட நேரத்தில் அங்கே போய் நிற்க ஆபீசில் விடவில்லை. நகரசபைக்கு ஃபோன் செய்தால் பலகை வைப்பதாகச் சொன்னார்கள். சனிக்கிழமைப் பாடம் ஒன்றுதான் அவள் கையில் இருந்தது.

சனிக்கிழமை காலை நிலையத்துக்கே வந்து, நாடா வேண்டாம், நேரடியாகப் பேசப்போகிறேன் என்று அவள் சொன்னதும் ஜாபர் தலையில் கைவைத்துக்கொண்டான். நிலையத்தில் யாருக்கும் தமிழ் தெரியாது. ஆகவே எல்லாமே நாடாவில் வர வேண்டும், நேரடிப் பேச்சு கூடாது, பத்து விநாடிக்கு மேல் ஒலி நின்றால் தமிழ் நேரத்தையே பிடுங்கிவிடுவோம் என்று முதலாளி எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையேக்கா. சத்தியமா ஒண்ணும் கேக்கலை" என்றான்.

"உனக்குக் கேட்க வேண்டாம். கதவை மட்டும் சாத்திக்கோ."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு நாடாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஒலிவாங்கிக்கான விசையை மேலே தள்ளினான்.

வேதவல்லி காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். எழுதிவந்த தாளை மடித்து வைத்துவிட்டாள்.

"இன்றைக்கு ஒரே கேள்விதான். அதற்கு முன்னால் நான் ஒன்று சொல்ல வேண்டும். நீ சொன்ன பதில் எதையும் கேட்காமலேதான் நான் இத்தனை நாள் சபாஷ் போட்டேன். அது என் தப்பு. ஒளிந்துகொண்டு சாப்பிடாதே கண்ணே. அம்மா அழுதாலும் பரவாயில்லை, சொல். அந்த ஓடைப் பனிக்கட்டி உன்னைத் தாங்காது. திங்கட்கிழமை எந்த வழியாகப் போவாய்?"

சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

ஆறு விநாடி போயிற்று. காதுக்குள் தண்ணீர்ச் சத்தம் வந்தது. பத்தாவது விநாடியில் ஜாபர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்றான். இருபதில் வெளிக்கதவை யாரோ தட்டினார்கள். வேதவல்லி அசையவில்லை. வாழ்நாளில் அவள் ஒருவருடைய பதிலுக்காக இப்படிக் காத்திருந்ததில்லை. முப்பதாவது விநாடியில் விரிசல் சத்தம் ஓடி வந்து நின்றது. கதவை இப்போது கையால் இல்லை, தோளால் இடித்தார்கள். நாற்பதை எட்டும்போது மிகத் தூரத்திலிருந்து, மூச்சு வாங்குகிற பிள்ளையின் குரல் கேட்டது.

"ரோட்டால போறன், அன்ரி."

தண்ணீர்ச் சத்தம் அதோடு நின்றது. வேதவல்லி மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். முதலாளி உள்ளே வந்தபோது ஜாபர் ஒரு சினிமாப் பாட்டை ஓடவிட்டிருந்தான்.

பத்து நிமிஷப் பாடம் அன்றோடு நிறுத்தப்பட்டது. தமிழ் நேரத்தை மட்டும் சங்கத்தார் முதலாளியின் காலைப் பிடித்துக் காப்பாற்றிக்கொண்டார்கள். வேதவல்லியின் பெயரைச் சொல்லி அவர்கள் திட்டியதையும் ஒருவர் ஃபோன் செய்து ஒப்பித்தார்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஆபீசிலிருந்து திரும்பிக் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. பிளெமிங்டன் பார்க் புவனேசுவரி. அவளுக்கு வார்த்தை ஒழுங்காக வரவில்லை. காலையில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓடைப் பனிக்கட்டி கரைக்குக் கரை பிளந்துபோயிற்றாம். அந்த நேரத்தில் தினமும் அதன் மேல்தான் தன் மகள் நடந்து போயிருக்கிறாளாம். இன்றைக்குத்தான் ரோட்டைச் சுற்றிப் போனாளாம். அடக்கி அடக்கி அழுதாள். வகுப்பில் நடந்ததெல்லாம் நேற்று மடியில் படுத்துக்கொண்டு சொன்னாள், நானும் அழுதேன், என்றாள்.

வேதவல்லி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். சனிக்கிழமை பாடத்தில் பிள்ளை என்னிடம் பேசினாளே, நீங்கள் கேட்டீர்களா என்றாள்.

"இல்லையக்கா. நான் பக்கத்திலதான் கிழங்கு உரிச்சுக்கொண்டு இருந்தனான். அவள் வாய் திறக்கேல்ல. சும்மா ரேடியோவைப் பாத்துக்கொண்டு இருந்தவள்." புவனேசுவரி மூக்கை உறிஞ்சினாள். "ஆனா ஒண்டு கேக்கச் சொல்லி நிக்கிறாள். இந்த முறைதான் சரியாச் சொன்னதாம். அன்ரி ஏன் சபாஷ் சொல்லேல்ல எண்டு கேக்கிறாள்."

வேதவல்லி பிள்ளையிடம் ஃபோனைக் கொடுக்கச் சொன்னாள். கைமாறும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை, ஒரு சின்ன மூச்சு மட்டும்.

"சியாமளா, இருக்கியாம்மா?"

தொலைபேசியில் பதில் இல்லை. ஒன்று, இரண்டு என்று பழக்கதோஷத்தில் மனசு எண்ணியது. ஆறு வரைக்கும் வந்தபோது, அவள் முதுகுக்குப் பின்னால், சனிக்கிழமையிலிருந்து அணைத்தே கிடந்த டிரான்சிஸ்டரிலிருந்து குரல் வந்தது.

"இருக்கிறன், அன்ரி."

தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்தாள். எழுந்துபோய், ஃபிரிட்ஜின் மேலிருந்த அந்தப் பெட்டியின் அருகே முகத்தைக் கொண்டுபோனாள்.

"சபாஷ். சரியாகச் சொன்னாய்" என்றாள், முதல் தடவையாகக் கேட்டுவிட்டு.