அரைப்பேர் இல்லாத பெரட்டு

கண்டி மஹய்யாவையில் பாலம்மாவின் எருமேடு, பேர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் கொடுக்கத் தொடங்கியது 1927ஆம் ஆண்டு, தைப்பொங்கல் கழிந்த நான்காம் நாள் காலையில். அது வாய் திறந்து பேசியதாக யாரும் சொல்லவில்லை; சொன்னால் பொய். ஒரு பேரைக் கூப்பிட்டதும் மேட்டின் உச்சியிலிருந்து, சோற்றுப் பானையின் மூடியைத் தூக்கியதுபோல ஒரு பந்து ஆவி எழும். அவ்வளவுதான். அந்த வாரம் கண்டியில் வெங்காய விலை ஏறியிருந்ததால் ஊர் அதைப் பற்றித்தான் அதிகம் பேசியது.

பாலம்மா ஹந்தானை மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசைவீட்டில் பிறந்தவள். தோட்டத்தில் விடிந்ததும் பெரட்டு. ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்புவார்கள். நாள் முழுக்க உழைத்தால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் கூலி, விழும். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், பாதிக் கூலி. வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு பாலம்மா ஒரு மழைக்காலம் முழுவதும் அரைப்பேர்க்காரியாகவே நின்றாள். "நீ பாதி ஆளுதானே, பாதிப் பேரு போதும்" என்று கங்காணி ஒருநாள் சிரித்தார். கூடையை அவர் காலடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, புருஷன் சின்னமுத்துவையும் இழுத்துக்கொண்டு அன்றைக்கே மலையிறங்கினாள். ரோஷம் சோறு போடுமா என்று மாமியார் கேட்டாளாம். போட்டது, கொஞ்சம் தாமதமாக.

மஹய்யாவையில் இருவருக்கும் நகரசபையில் தெருக்கூட்டும் வேலை கிடைத்தது. வாவிக்கரை வாகை மரங்கள் உதிர்க்கிற சருகையெல்லாம் கூட்டி அள்ளுவது பாலம்மாவின் பங்கு. குடியிருந்த லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் கிடந்தது. புல்கூட யோசித்து முளைக்கிற கல்லுத்தரை. அதன் ஒரு மூலையில் மட்டும் கீரை தோளுயரம் நின்றது. அது ஆண்கள் அவசரத்துக்கு ஒதுங்குகிற மூலை. பக்கத்தில் அவள் கொட்டி வைத்த சருகும் கைவைக்க முடியாமல் கொதித்தது. பாலம்மா மூக்கைப் பொத்தவில்லை. இடுப்பில் கைவைத்து நின்று யோசித்தாள்.

மறுவாரமே முறை கண்டுபிடித்துவிட்டாள். ஒரு முழம் சருகு, மேலே வாழைத்தண்டும் காய்கறித் தோலும், அதன்மேல் வீடுகளிலிருந்து வருகிற உப்புத்தண்ணி. மூத்திரத்துக்கு அந்த லயத்தில் அதுதான் பேர். எட்டு நாளைக்கு ஒருதரம் நீளக் காம்பு முள்ளுக் கரண்டியால் புரட்ட வேண்டும். பச்சையாகச் செடிக்கு ஊற்றினால் செடி கருகும். சருகுக்கு ஊற்றினால் சருகு வெந்து மண்ணாகும். நாற்றம் வந்தால் சருகு போதவில்லை என்று பொருள். மூன்று மாதத்தில் அந்த மண்ணை அள்ளி முகர்ந்தால் முதல் மழையின் வாசம்.

லயத்தின் எட்டுக் காம்பரா அறைகளிலும், பாலம்மாவின் பிள்ளையோடு சேர்த்து முப்பத்திரண்டு பேர். விடிந்ததும் ஆளுக்கொரு மண்முட்டியில் உப்புத்தண்ணியோடு வரவேண்டும் என்பது ஏற்பாடு. சோம்பேறிகள் வராமல் இருந்துவிடக்கூடாதென்று பாலம்மா பெரட்டு வைத்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. முப்பத்திரண்டு பேரும் மனப்பாடம். பக்கத்துக் காம்பரா வீரம்மாவின் ஒன்பது நாள் குழந்தைக்குக்கூட, துணி அலசிய தண்ணீருக்காக முழுப்பேர் விழுந்தது. அப்படிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் மேடு பதில் சொல்லத் தொடங்கியது. ஒருநாள் காளிமுத்துவின் பேருக்கு மட்டும் ஆவி வரவில்லை. மூன்றுதரம் கூப்பிட்டும் வரவில்லை. முட்டியில் குழாய்த்தண்ணீர் பிடித்து வந்ததை அவன் தலைகுனிந்து ஒத்துக்கொண்டான். அதற்குப் பிறகு மஹய்யாவையில் யாரும் அந்த விஷயத்தில் பொய் சொல்லவில்லை.

பூசணிக்கொடி லயத்துக் கூரையைத் தாண்டி ரயில் பாதைவரை போனது. போஞ்சிக் கொடியில் காய் பறிக்க மாதா கோவிலில் ஏணி இரவல் வாங்கினார்கள். சந்தையில் காய்கறிக்கடை வைத்திருந்த ஸெய்னுலாப்தீன் நானா ஒற்றைப் பூசணியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இத கரத்தையில ஏத்த ஏலாது புள்ள, உருட்டிக்கொண்டுதான் போகோணும்" என்றார். உருட்டிக்கொண்டே போனார்கள். பாலம்மாவின் விளக்குமாற்றைக் கண்டால் சேலையை ஒதுக்கிக்கொண்டு நடக்கிற சீமாட்டிகள், அந்தப் பூசணிக்குக் கடையில் வரிசையில் நின்றார்கள். மண்ணுக்கு என்ன போடுகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் மறைத்திருக்க மாட்டாள். அவளுக்கு அதில் அத்தனை பெருமை.

1931இல் தேயிலை விலை விழுந்தது. மலைத் தோட்டங்களில் பேர் வெட்டப்பட்டவர்கள் குடும்பம் குடும்பமாக இறங்கி வந்து, பாலம்மாவின் கீரையிலும் பூசணியிலும் வயிறு கழுவினார்கள். அந்த மார்கழியில்தான் நகரசபையின் சுகாதார ஓவசியர் கபிரியேல் ஒரு தாளோடு வந்தார். கட்டுக்கலையில் வீடு, காலில் சப்பாத்து, தங்கச் சங்கிலி போட்ட கடிகாரம். மனிதக் கழிவு சேர்ந்த குவியலைச் சனிக்கிழமை அள்ளிவிட வேண்டும். அதில் சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரையும் வேலையிலிருந்து வெட்ட வேண்டும். உத்தரவு அவரே எழுதியது. பாலம்மா விரல் மடக்கி எண்ணினாள். மேடு போனால் தோட்டம் போகும். தோட்டம் போனால் பசி. எல்லாவற்றுக்கும் மேலே, இங்கேயும் பேர் வெட்டு.

சனிக்கிழமை விடியற்பனியில் கபிரியேல் வந்து சேர்ந்தார். வீட்டில் இரண்டு கோப்பை கோப்பி குடித்துவிட்டு வந்திருந்தார். அளவுநாடாவோடு மேட்டைச் சுற்றினார். பின்பக்கத்தில் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். அளக்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். முன்னால் வந்து பென்சிலை எடுத்தார்.

"இதுல சம்பந்தப்பட்டவங்க பேரைச் சொல்லு."

சொல்லாதே என்று சின்னமுத்து கண்ணைக் காட்டினான். பாலம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"ஒளிச்சு வைக்க நாங்க என்ன களவா எடுத்தோம்? எழுதிக்கங்க ஐயா."

பெரட்டைத் தொடங்கினாள். பேருக்கொரு பந்து ஆவி எழுந்தது. கபிரியேலின் முகம் வெளுத்தது. ஆனால் உத்தியோகம் பழகிய கை எழுதுவதை நிறுத்தவில்லை. முப்பத்திரண்டும் முடிந்தது. தோட்டத்து வழக்கப்படி பாலம்மா கடைசியில் எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்: "வேற ஆளு உண்டா?"

இத்தனை வருஷமாக அந்தக் கேள்விக்குச் சும்மா இருந்த மேடு, அன்றைக்கு லேசாகப் புகைந்தது. பாலம்மா சுற்றிப் பார்த்தாள். ஓவசியரின் இடது சப்பாத்து நனைந்திருந்தது.

"ஐயா பேரு என்னங்க?"

"கபிரியேல்" என்றார் அவர், யோசிக்காமல்.

பக்கத்துப் பலாமரம் மறைகிற அளவுக்கு ஆவி எழுந்தது. வீரம்மா சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கபிரியேல் தாளையே பார்த்தார். சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் என்று அவர் கையெழுத்துத்தான் சொன்னது.

"அவசரத்துல..." என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு, யாருக்கோ கேட்டுவிடும் என்பதுபோல மெதுவாகக் கேட்டார். "எனக்கு முழுப்பேரா?"

கட்டுக்கலை வீட்டில் ஒருவருக்கும் தெரியாத சங்கதி இது: கபிரியேலின் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் சாக்குத் தூக்கியவர். பத்து வயதில் புல்லு வெட்டப் போன கபிரியேலுக்கு இரண்டு வருஷம் விழுந்தது அரைப்பேர்.

"இங்க அரைப்பேரே கிடையாதுங்க" என்றாள் பாலம்மா. "ஒம்பது நாளுப் புள்ளைக்கும் முழுப்பேருதான்."

அன்று அவர் எழுதிய அறிக்கை இரண்டு வரி. 'குவியல் பார்வையிடப்பட்டது, துர்நாற்றம் இல்லை. ஆள் முப்பத்துமூன்று, அனைவருக்கும் முழுப்பேர்.' மேலதிகாரிகளுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாத தாள்களை வைக்கிற இடத்தில் அதை வைத்தார்கள். கபிரியேல் கம்பளைக்கு மாற்றலாகும்வரை சனிக்கிழமை தோறும் வந்தார், நேரே பின்பக்கமாக.

பிறகு வருஷங்கள் கெட்டன. வேலை போனவர்கள் ரயிலேறி, கப்பலேறி இந்தியாவுக்குப் போனார்கள். முதலில் போனது காளிமுத்து. மறுநாள் காலை பழக்கதோஷத்தில் பாலம்மா அவன் பேரைக் கூப்பிட்டுவிட்டாள். முட்டியும் இல்லை, ஆளும் இல்லை. ஆவி எழுந்தது. அடுத்த பேரைக் கூப்பிட்டாள். கம்பளையில் இருந்த கபிரியேலின் பேருக்கும் எழுந்தது. 1936இல் சின்னமுத்து காய்ச்சலில் கண்மூடினான். காரியம் முடிந்த மறுநாள் அவன் பேருக்கும் எழுந்தது.

1939இல் பெரட்டில், இடையில் குடிவந்து போனவர்களும் சேர்ந்து, தொண்ணூற்றொரு பேர். லயத்தில் இருந்தவர்கள் பத்தொன்பது. கூப்பிட்டு முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். புதிதாகக் குடிவந்த பெண்ணொருத்தி, போனவர்கள் பேரையெல்லாம் ஏன் இன்னும் வெட்டவில்லை என்று கேட்டாள்.

"அவங்க குடுத்தது மண்ணாகிருச்சு ஆத்தா" என்றாள் பாலம்மா. "மண்ணே இருக்காங்கன்னு சொல்லுது. வெட்டுறதுக்கு நான் யாரு?"

அந்தப் பெண் மறுநாள் முட்டியோடு வந்து வரிசையில் நின்றாள். அவள் பேர் தொண்ணூற்றிரண்டாவது. பூசணி அந்த வருஷமும் உருட்டிக்கொண்டு போகிற அளவுக்குத்தான் காய்த்தது.